உங்கள் உழைப்பு பத்திரம்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, அலிபிரி சாலையில் இருக்கும் கங்கையா நெட் சென்டரின் மூன்றாம் நம்பர் மிஷின் முன்னால் என் அக்கா கலைவாணி கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் அவளுடைய எம்.ஃபில். ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயம் திறந்திருந்தது. வேர்க்கடலைச் செடியைச் சுருள்பூச்சி எப்படித் தாக்குகிறது என்பதை அட்டவணை நான்கில் காணலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்த வரிக்குக் கீழே அட்டவணை நான்கு இருந்தது. பதினாறு வாரத்துக்குப் பதினாறு வரிசை, இருபது செடிக்கு இருபது பத்தி, முந்நூற்று இருபது கட்டம். கோடுகளெல்லாம் சுத்தமாகப் போடப்பட்டிருந்தன. கட்டங்களில் எதுவும் இல்லை.

"நேத்து ஆறரை வரைக்கும் அடிச்சன்டா" என்றாள். கோயில் வாசலில் விட்ட செருப்பைக் காணோம் என்று சொல்கிற குரல். "மூணு வாட்டி சரி பார்த்தன். அப்பறம் நீ குடுத்தத அழுத்தனன். அதுகூட சொல்லிச்சி."

அது என்ன சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்ல வைத்தவன் நான். எம்.சி.ஏ. இரண்டாம் வருஷத்தில் நானாக எழுதிய முதல் உருப்படியான புரோகிராம் அது. மொத்தம் பதினொரு வரி. அதில் மூன்று காலி வரி, இரண்டு வரியில் என் பெயர். அக்கா காலையில் யுனிவர்சிட்டி லேபில் டைப் செய்வாள், மத்தியானம் கங்கையா சென்டருக்கு வருவாள், நடுவில் பென் டிரைவில் ஃபைல் போய்வந்துகொண்டிருக்கும். எது புதுசு எது பழசு என்று அவளுக்குக் குழப்பம் வந்துகொண்டே இருந்தது. அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தேன். அந்த ஐகானை இரண்டு தட்டு தட்டினால் போதும். மிஷினில் இருக்கும் ஃபைலையும் பென் டிரைவில் இருக்கும் ஃபைலையும் அது பார்க்கும். எது கடைசியாகச் சேமிக்கப்பட்டதோ அதை எடுத்து மற்றதன் மேல் எழுதிவிடும். இரண்டும் ஒன்றாகிவிடும். எழுதி முடித்ததும் கருப்புத் திரையில் ஆங்கில எழுத்தில் 'உங்கள் உழைப்பு பத்திரம்' என்று வரும். அந்த வரிக்காகத்தான் நான் மற்ற வரிகளையே எழுதினேன் என்று சொல்லலாம்.

"சேவ் பண்ணியாக்கா?"

"பண்ணன்."

ஃபைலின் தேதியைப் பார்த்தேன். வியாழன், மத்தியானம் பன்னிரண்டு நாற்பது. அதாவது நேற்று லேபிலிருந்து அவள் கிளம்பும்போது சேமித்தது. கங்கையா சென்டருக்கு வந்தது ஒன்றரை மணி. அதற்குப் பிறகு ஐந்து மணி நேரம் அவள் இங்கே உட்கார்ந்ததற்கு ஃபைலில் ஒரு அடையாளமும் இல்லை.

"நல்லா யோசிச்சி சொல்லு. சேவ்தான் பண்ணியா?"

"அஞ்சி நிமிசத்துக்கு ஒரு வாட்டி பண்ணன்டா. கையி தானா போயிகினு கீது."

ஒன்பதரைக்குள் இந்தக் கேள்வியை நான் ஏழு தடவை கேட்டிருப்பேன். கம்ப்யூட்டர் படித்தவனுக்கு வேறு வழி தெரியாதபோது எதிராளியைச் சந்தேகப்படுவது முதல் பாடத்திலேயே வந்துவிடுகிறது. என் பதினொரு வரியையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். வேறு இரண்டு ஃபைல் செய்து, ஒன்றை இப்போது சேமித்து, மற்றதை ஒரு நிமிஷம் கழித்துச் சேமித்து ஓட்டிப் பார்த்தேன். புதியதுதான் ஜெயித்தது. நாலு முறையும் புதியதுதான் ஜெயித்தது. நாலு முறையும் உழைப்பு பத்திரம் என்றே சொன்னது. குப்பைத்தொட்டியைத் திறந்தேன். டெம்பரரி ஃபைல்களில் ஏதாவது மிச்சம் இருக்குமா என்று தேடினேன். கங்கையா அண்ணன் தினமும் சாயந்திரம் மஞ்சுநாதர் படத்துக்குக் கற்பூரம் ஏற்றுவதற்கு முன்னால் மூன்று மிஷினையும் சுத்தம் செய்துவிடுகிறவர். வேண்டாததெல்லாம் அழித்துவிட்டு, துணியால் துடைத்துவிட்டு, அப்புறம்தான் ஏற்றுவார். அவர் அழிக்காமல் வைத்திருந்தது ஒரே ஒரு ஃபோல்டர். அதில் இந்தச் சுற்றுவட்டாரத்து இளைஞர்களின் பயோடேட்டா நானூற்றுச் சொச்சம் இருந்தது. எல்லோரும் கடும் உழைப்பாளிகள், எல்லோருக்கும் பொழுதுபோக்கு பாட்டு கேட்பது. சித்தூரில் ஆரம்பித்து பெங்களூர், சென்னை, குவைத் வரைக்கும் போவதற்குத் தயாராக ஒரே மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள்.

"பேப்பர்ல எழுதி வச்சிருந்தியே, அது?"

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கிழிச்சிட்டன். ஒண்ணு அடிச்சி முடிச்சா ஒண்ணு கிழிச்சிடுவன், ரெண்டு வாட்டி அடிக்கக் கூடாதுன்னு. நீதான சொன்ன, இனிமே பேப்பரே தேவையில்லக்கான்னு."

நான்தான் சொன்னேன். அதையும் ஆங்கிலம் கலந்து சொன்னேன்.

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்லிவிட வேண்டும். விஜயபுரம் மண்டலத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. என் பத்தாவது வயதில் சர்க்கார் கொடுத்த பட்டா. அதற்கு முன்னால் எங்கள் நைனா முனிகிருஷ்ணன் அந்த ஊரில் யார் நிலத்தில் வேலை செய்யவில்லை என்று கேட்பதுதான் சுலபம். அக்கா விலங்கியல் எடுத்து, எம்.ஃபில். சேர்ந்து, சுருள்பூச்சி என்று தலைப்பும் வாங்கி வந்தபோது நைனாதான் சொன்னார், நம்ம கடலையிலேயே எண்ணிடலாம் என்று. இருபது செடிக்குப் பக்கத்தில் குச்சி நட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒவ்வொரு செடியிலும் சுருண்ட இலை எத்தனை என்று எண்ணுவார். கரித்துண்டால் மோட்டார் ஷெட் சுவரில் கோடு கோடாகப் போட்டு வைப்பார். சாயந்திரம் விஜயபுரத்துக்கு சைக்கிளில் வந்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஹாஸ்டலுக்குப் போன் செய்து சொல்வார். அக்கா துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்வாள். பதினாறு வாரம். கார்த்திகைக்கு முன்னால் கடலையைப் பிடுங்கியாகிவிட்டது. கொடியை மாடு தின்றுவிட்டது. விஞ்ஞானத்தில் ஆதாரத்தை மாடு தின்றுவிட்டால் என்ன செய்வது என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு அக்கா தன் கைடுக்குப் போன் செய்தாள். அவர் அன்று மத்தியானம் இரண்டு மணிக்குக் காரில் சென்னை போய், ராத்திரி விமானத்தில் அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஆறு மாதம் போகிறார். அவர் கையெழுத்துப் போட்டால் இன்று ஆபீஸ் மூடுவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். கொடுத்த ரசீதைக் காட்டினால் ஹைதராபாத்தில் திங்கட்கிழமை பிஎச்.டி. சீட்டில் சேரலாம், மாதாமாதம் உதவித்தொகை. போடாவிட்டால் சீட்டு அடுத்த பெயருக்குப் போகும். அக்கா வீட்டுக்கு வருவாள். வீட்டுக்கு வந்தால் என்ன என்பதும் தெரிந்ததுதான். விடிவதற்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் எங்கள் ஊர் முனையில் வந்து நிற்கும். பிளஸ் டூ முடித்தவர்கள், பி.எஸ்சி. முடித்தவர்கள் என்று அதில் வித்தியாசம் கிடையாது. ஏறிய உடனே எல்லோருக்கும் ஒரே தூக்கம்தான். அக்காவோடு படித்த சுலோசனா மூன்று வருஷமாக அந்த பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

கைடு போனிலேயே சூட்கேஸை எடை போட்டுக்கொண்டிருந்தது எங்களுக்கும் கேட்டது. "கோங்கூரா ஊறுகாய வெளிய எடு, எடு" என்று யாருக்கோ தெலுங்கில் சொன்னார். பிறகு அக்காவிடம், "டேபிள் லேகுண்டா சைன் எட்ல பெட்டேதி அம்மா? ஒன் தர்ட்டிக்குள்ள தீஸ்கொனி ரா" என்றார். டேபிள் இல்லாமல் கையெழுத்தில்லை. ஒன்றரைக்குள் கொண்டு வா. நியாயமான மனிதர். நியாயமான மனிதர்களிடம் ஒன்றும் செய்ய முடியாது.

பத்தேகாலுக்கு நைனா வந்து சேர்ந்தார். புத்தூர் வழியாக முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. பையில் வறுத்த வேர்க்கடலை, கைடு அமெரிக்காவுக்கு எடுத்துப் போவதற்கு. அந்த இருபது செடியில் காய்த்ததைத் தனியாக எடுத்து வைத்திருந்தாராம். வாசலில் திருமலைக்கு நடந்து போகிற கூட்டம் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போனது. மொட்டை அடித்து இறங்கிய ஒரு குடும்பம் ரயில் டிக்கெட் கேட்டு நின்றது. நைனா அவர்களுக்கு வழிவிட்டு உள்ளே வந்து எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாடா, எளவு வூட்ல குந்திக்கினு கீற மாதிரி குந்திக்கினு கீறீங்க?"

சொன்னேன். என் பங்கைச் சுருக்கியும் மிஷினின் பங்கை விரித்தும் சொன்னேன். அவர் பையைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"இவ்ளோதான? செவுத்துல கீதே."

அக்கா நிமிர்ந்தாள். "எந்தச் செவுரு நைனா?"

"மோட்டார் ஷெட்டு" என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றுவிட்டார். எங்களுக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன மாதம் ஒரு செல்போன் கம்பெனி ஆட்கள் வந்து, ரோட்டுக்குத் தெரிகிற சுவர் என்று சொல்லி, ஷெட் முழுக்க நீல வர்ணம் அடித்து, பேசுங்கள் பேசுங்கள் பேசிக்கொண்டே இருங்கள் என்று தெலுங்கில் எழுதிவிட்டுப் போனார்கள். பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார்கள். நைனா அதில் உட்கார்ந்துதான் இப்போதெல்லாம் மோட்டார் போடுகிறார்.

பிரிண்டர் யாருடைய பயோடேட்டாவையோ துப்பிக்கொண்டிருந்தது.

நைனா துண்டால் முகத்தைத் துடைத்தார். "செவுரு போனா இன்னா. எண்ணினவன் நானு. சொல்றன், நீ அடி."

"முந்நூத்தி இருவது நம்பரு நைனா."

"இருக்கட்டும்மே."

எங்கள் நைனாவுக்கு ஞாபகசக்தி உண்டு. சர்வே நம்பர்கள், நாகலாபுரத்துக்குப் போகும் பஸ் நேரங்கள், யார் யார் எந்த வருஷம் நிலத்தை விற்றார்கள் என்பதெல்லாம் தலையில் இருக்கிறது. ஆனால் அவரிடம் இன்னொன்றும் உண்டு. அவர் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல்லை நான் கேட்டதில்லை. திருவண்ணாமலைக்கு எவ்வளவு தூரம் என்று வழிப்போக்கன் கேட்டால் உடனே ஒரு எண் வரும். சின்ன வயதில் அதை வைத்து நானும் அக்காவும் விளையாடியிருக்கிறோம். நைனா, ஏழுமலையில் எத்தனை படி? நைனா, ரயிலுக்கு எத்தனை சக்கரம்? ஒரு விநாடி தாமதிக்க மாட்டார். பெரிய வீட்டுக்காரன் களத்தில் வந்து நின்று எத்தனை மூட்டை, எத்தனை ஆள், எத்தனை கட்டு என்று கேட்கும்போது தெரியாது என்று சொன்ன கூலிக்காரனுக்கு மறுநாள் வேலை இருக்காது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. புரிந்த பிறகு அந்த விளையாட்டை விட்டுவிட்டோம்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வேறு வழி இருந்தால் அவள் இழுத்திருக்க மாட்டாள். அவள் விசைப்பலகையில் கையை வைத்ததும் நைனா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து முப்பத்திரண்டு.

"இரும்மே. ராகு காலம் பொறந்துடுச்சி. பன்னண்டுக்கு மேல ஆரம்பிக்கலாம்."

"பன்னண்டுக்கு மேல ஆரம்பிச்சா எப்ப முடிக்கறது, எப்ப பிரிண்டு எடுக்கறது, எப்ப பைண்டிங் போடறது?" என்றேன்.

"ஒரு தபா கெட்டது போதாதா? மறுபடியும் கெட்ட நேரத்துல கைய வைக்கச் சொல்றியா?"

அப்போதுதான் கங்கையா அண்ணன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். நல்ல மனிதர், தமிழில் பாதி தெலுங்கைக் கலந்து பேசுகிறவர், பெரியவர்களைப் பெத்தாயனா என்று கூப்பிடுகிறவர். மூன்று மிஷினுக்கும் ஆயுதபூஜைக்குத் தனித்தனியாக வாழைக்கன்று கட்டுகிறவர்.

"பெத்தாயனா, அதுக்கு நீங்க எந்துக்கு பயப்படறீங்க? நம்ம செண்டர்ல ராகு காலம் கெடையாது." அக்காவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, மவுஸைப் பிடித்து, திரையின் வலது கீழ்மூலையில் இருந்த கடிகாரத்தை இரண்டு தட்டு தட்டினார். பத்து முப்பத்து மூன்றை ஆறு ஐந்து ஆக்கினார். "காலைல ஆறு டு ஏழு. வெள்ளிக்கெழம. சுக்ர ஹோரை. மிஷின்ல பண்ற வேலைக்கி மிஷின் டைம்தானே லெக்க? விசா அப்ளிகேசன் போடறவங்க எல்லாருக்கும் இப்டிதான் பண்றேன். இதுவரைக்கும் ஒருத்தருக்கும் ரிஜெக்ட் ஆகல."

நைனா திரையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, திரையை நம்ப முடிவு செய்தார். "அப்பிடின்னா சரி" என்றார்.

நான் மூலையில் இருந்த அந்த ஆறு ஐந்தையே பார்த்தேன்.

"அண்ணா, நேத்து அக்கா வரும்போதும் மாத்தனீங்களா?"

"அவுனு. கரெக்டா ஒன்னரைக்கி வந்துச்சி பாப்பா. வியாழக்கெழம ஒன்னரை டு மூணு ராகு காலம். சொன்னா பயந்துடும்னு சொல்லாமயே மாத்திட்டேன். ஆறு அஞ்சு, குரு ஹோரை. சாய்ந்திரம் மூடும்போது சரியான டைம் வச்சிட்டேன். எந்துக்கு?"

ஒன்றுமில்லை என்றேன். கணக்கு மிகச் சுலபம். காலை ஆறு ஐந்தில் ஆரம்பித்து ஐந்து மணி நேரம் டைப் செய்தால் பதினொன்று ஐந்து. அக்கா கடைசியாகச் சேமித்த ஃபைலில் மிஷின் குத்திய நேரம் வியாழன் காலை பதினொன்று ஐந்து. பென் டிரைவில் இருந்த காலி அட்டவணையின் நேரம் பன்னிரண்டு நாற்பது. என் பதினொரு வரி இரண்டையும் பார்த்தது. காலி அட்டவணைதான் புதுசு என்று சரியாகக் கண்டுபிடித்தது. அதை எடுத்து ஐந்து மணி நேர உழைப்பின் மேல் எழுதியது. பத்திரம் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. நான் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த தப்பு அதில் இல்லவே இல்லை. கங்கையா அண்ணன் நல்லதுதான் நினைத்தார். அக்கா சேமித்தாள், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சேமித்தாள். யாரைத் திட்டுவது என்று ஒரு சுற்றுப் பார்த்தேன். அக்காவின் கண் என் மேல் இருந்தது. அவளும் அந்தக் கணக்கைப் போட்டு முடித்திருந்தாள். என்னைவிட அவளுக்குக் கணக்கு எப்போதும் வேகமாக வரும்.

"ஏழு வாட்டி கேட்டியே" என்றாள். அவ்வளவுதான்.

நைனா பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, மஞ்சள் பையைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடினார்.

"மொத வாரம். மொத செடி, ஒண்ணு. ரெண்டு, ஒண்ணுமில்ல. மூணு, ஒண்ணுமில்ல. நாலு, ரெண்டு."

அக்கா அடித்தாள். அவர் குரலில் ஒரு சீர் இருந்தது. மூட்டை தூக்குகிறவனுக்கு எண்ணிக்கை சொல்கிற சீர். இரண்டாவது வாரம் முடிந்தது, மூன்றாவது முடிந்தது. ஐந்தாவது வாரத்தில் எண்கள் ஏறின. ஆறாவதில் உச்சத்துக்குப் போயின. அத்தியாயத்தில் அக்கா முன்பே எழுதியிருந்ததும் அதுதான், ஆறாவது வாரத்தில் தாக்குதல் உச்சம் என்று. எனக்குள் ஒரு சின்ன நம்பிக்கை வந்தது. கங்கையா அண்ணன் டிக்கெட் கேட்டவர்களை விட்டுவிட்டு வந்து நின்று கேட்டார். மொட்டை அடித்த குடும்பத்திலிருந்த சிறுமிகூட எட்டிப் பார்த்தாள். "ஏமி மெமரி பெத்தாயனாது" என்றார் கங்கையா அண்ணன். நைனாவின் முகத்தில் ஒரு வெட்கம் வந்து போனது, கண் திறக்கவில்லை.

"எட்டாவது வாரம் ஆச்சா?"

"ஆச்சி நைனா."

"ஒம்பதாவது வாரம். மொத செடி, நாலு."

அக்காவின் விரல் நின்றது.

எனக்கும் தெரியும். ஒன்பதாவது வாரம் நைனா எண்ணவே இல்லை. அந்த ஞாயிறு அவர் காய்ச்சலில் புத்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நானும் அக்காவும் பெஞ்சில் உட்கார்ந்து குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வரிசையைக் காலியாகவே விட்டு, கீழே ஒரு நட்சத்திரக் குறி போட்டு, கணக்கெடுக்கவில்லை என்று எழுதப் போவதாக அக்கா அன்றைக்கே சொன்னாள். அப்படித்தான் நேற்று அடித்தும் இருப்பாள்.

"நாலு போட்டியா?"

மிஷினில் மணி ஆறு நாற்பத்தெட்டு. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எதையாவது சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து நிறையச் சொல்லிவிட்டேன். மேலே எட்டு வரிசை, நூற்று அறுபது கட்டம், நிரம்பி அழகாக நின்றுகொண்டிருந்தன. அவை எதற்கும் நான் பொறுப்பில்லை என்பது போல நான் தரையைப் பார்த்தேன்.

"போட்டன் நைனா" என்றாள். கை மடியில் இருந்தது. "சொல்லு."

"ரெண்டு, ஆறு."

"ம்."

"மூணு, மூணு. நாலு, அஞ்சி. நீ மெதுவா அடிம்மே, அவசரமில்ல, நேரம் நல்லாத்தான கீது."

"ம். போட்டன்."

இருபது செடிக்கும் அவர் சொன்னார். இருபதுக்கும் அவள் ம் சொன்னாள். முதல் கட்டத்தில் கர்சர் மின்னிக்கொண்டே இருந்தது. ஒன்பதாவது வரிசை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் வெள்ளையாகக் கிடந்தது. நைனா துண்டின் முனையால் மூடிய கண்களைத் துடைத்துக்கொண்டார். பையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டார். உள்ளே கடலை சரிந்த சத்தம் கேட்டது.

"பத்தாவது வாரம்" என்றார். "மொத செடி."

அக்கா இரண்டு கையையும் தூக்கி விசைப்பலகைக்கு ஒரு விரற்கடை மேலே வைத்திருந்தாள்.